அம்மா போட்ட மார்க்



எனது ஊர் ஆழ்வார்குறிச்சி. மேற்கே மலை, பக்கத்தில் கடனா நதி, தெருவுக்குத் தெரு திண்ணையில் மடியில் சுளகோடு பீடி சுற்றும் பெண்கள். அவர்களில் ஒருத்தி என் அம்மா. 5-ஆம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். எங்கள் குடும்பத்தில் பாலிடெக்னிக் வாசலை முதலில் மிதித்தவன் நான். நான் கட்டிய ஒவ்வொரு ஃபீஸும் அம்மா சுற்றிய பீடிதான்.

மூன்றாம் ஆண்டு பிராஜெக்டுக்காக நானும் என் நண்பனும் பீடித் தொழிலாளர்களுக்கு ஒரு செல்போன் ஆப் செய்தோம். வாங்கிய இலை, தூள், கொடுத்த பீடி, கழிவு, கூலி எல்லாவற்றையும் அதில் ஏற்றி வைக்கலாம். வகுப்பில் எல்லோரும் தட்டிப் பார்த்து "சூப்பர்" என்றார்கள். எங்கள் சார் மட்டும் சிரித்தார்.

"நீங்க எல்லாரும் ஒரே பெஞ்சுல படிச்சவங்க. பீடி சுத்துறவங்க கையில கொடுங்க. பக்கத்துல உக்காந்து பாருங்க, ஆனா வாயைத் திறக்கக் கூடாது!" என்றார். 5 பேரிடம் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று ஜேக்கப் நீல்சன் என்ற நிபுணர் 2000-ஆம் ஆண்டிலேயே எழுதியிருப்பதையும் சொன்னார்.

முதல் ஆள் அம்மா. ஆப்பைத் திறக்கக் கைரேகை வைத்திருந்தோம். இலையிலேயே தேய்ந்துபோன விரல். மூன்று தடவை வைத்தும் திறக்கவில்லை. நானே திறந்து கொடுத்தேன். கீழே 'சமர்ப்பிக்க' என்று ஒரு பட்டன். அம்மா எழுத்துக் கூட்டி வாசித்தாள். "சமர்ப்பிக்கவா? யாருக்குய்யா, சாமிக்கா?" என்றாள். நண்பன் சிரித்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்துதான் பெரிய அடி. அன்று கடையில் கொடுத்தது 1000 பீடி. 25 பீடி ஒரு கட்டு. அம்மாவுக்குக் கணக்கெல்லாம் கட்டில்தான். 'எண்ணிக்கை' என்ற இடத்தில் 40 என்று போட்டாள். ஆப்போ அதை 40 பீடி என்று எடுத்துக்கொண்டு கூலியும் போட்டுவிட்டது! ஒரு நாள் உழைப்பு சில்லறைக் காசாகிப் போச்சு.

அம்மா பதறிவிட்டாள். "எனக்குப் படிப்பு இல்லல்லா, அதான் தப்பாப் போச்சு. நீ ஒண்ணும் நெனைக்காதய்யா" என்றாள்.

நண்பர்களே, விரல் பதியாத கவுண்டரிலும், புரியாத ஃபாரத்தின் முன்னாலும் இத்தனை வருஷமாக அம்மா சொல்லி வருவது இதே வார்த்தைதான்! ஆனால் இந்தத் தடவை தப்பு யாருடையது? அம்மா கட்டுக் கட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து படித்தவன் நான். அந்தக் கணக்கை மறந்து ஆப் செய்தவனும் நானே. "தப்பு உன்மேல இல்லம்மா, என்மேலதான்" என்றேன். அவள் நம்பவில்லை.

பக்கத்து வீட்டு அண்ணாச்சிக்குக் கண் பார்வை கிடையாது. வீட்டம்மாவின் பீடிக் கணக்கை அவர்தான் மனசில் வைத்திருப்பார். திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் 'டாக்பேக்' வசதியோடு போன் பேசுபவர். எங்கள் ஆப்பைத் தொட்டால் "பட்டன்... பட்டன்..." என்று மட்டுமே சத்தம். படம் போட்ட நாங்கள் அதற்குப் பெயர் கொடுக்கவில்லை! "எந்தப் பட்டன்னு சொல்லச் சொல்லுடே தம்பி" என்றார். இன்னும் மூன்று பேரிடம் காட்டினோம். எழுத்து சிறிசு என்று மூவருமே சொன்னார்கள்.

இது எங்கள் தெருக் கதை மட்டுமல்ல. வங்கிச் சரிபார்ப்பில் கண் சிமிட்டச் சொன்னால், பார்வையற்றவரும் ஆசிட் வீச்சில் கண்ணிமை சிதைந்தவரும் என்ன செய்வார்கள்? இப்படி வந்த வழக்கில்தான் 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று தீர்ப்பளித்தது. சலுகை அல்ல, உரிமை!

இரண்டு வாரம் உட்கார்ந்து திருத்தினோம். கைரேகை வராதவர்களுக்கு நான்கு இலக்க எண். 'சமர்ப்பிக்க' போய் 'கணக்குல ஏத்து' வந்தது. எழுத்தைப் பெரிசாக்கினோம். படங்களுக்குப் பெயர் வைத்தோம். கட்டா, பீடியா என்று ஆப்பே கேட்கும்படி செய்தோம்.

மறுபடி அம்மா கையில் கொடுத்தேன். 40 போட்டாள். "40 கட்டு, 1000 பீடி" என்று வந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ அன்னைக்கு நான் போட்டதும் சரிதானா?" என்று கேட்டாள். "சரிதாம்மா" என்றேன்.

பிராஜெக்டுக்குக் கல்லூரி எத்தனை மார்க் போடுமோ தெரியாது. அம்மா போட்டுவிட்டாள். நண்பர்களே, நீங்கள் எதைச் செய்தாலும் முதலில் உங்கள் வீட்டுத் திண்ணையில் கொடுத்துப் பாருங்கள். வாயை மட்டும் திறக்காதீர்கள்!