கையில் ஒட்டாத பலகாரம்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் டீ கேனோடு பெரும்பாலும் உள்ளே வருவது வடை, பஜ்ஜி, போண்டாதான். தின்று முடித்த டெய்லர் செய்தித்தாள் துண்டில் விரலைத் துடைத்துவிட்டு மறுபடி ஓவர்லாக் மெஷினில் உட்காருவார். தாளில் போகாத எண்ணெய் துணியில் போய்ச் சேரும். வெள்ளைத் துணியாக இருந்தால் செக்கிங் மேசையில் மாட்டிக்கொள்ளும்.

அந்த மேசையில் பல வருஷம் நின்ற ஒரு அக்காவைப் பார்க்கத்தான் 15 வேலம்பாளையம் பக்கம் போயிருந்தேன். இப்போது அவர் வீட்டுப் பின்கட்டில் ஓட்ஸும் கம்பும் சேர்த்து குக்கீஸும் பாரும் செய்து, சுற்றிலும் உள்ள கம்பெனிகளுக்கு டீ நேரத்துக்குக் கொடுக்கிறார். கூட இரண்டு பெண்கள். ஒருவர் முன்பு கைமடித்தவர், இன்னொருவர் பேக்கிங்கில் இருந்தவர்.

“உடம்புக்கு நல்லதுன்னு சொல்லித்தான் விக்கறீங்களாக்கா?” என்றேன்.

“அதெல்லாம் பொறவுங்க தம்பி. மொதல்ல கையில ஒட்டக் கூடாது. துணி மேல உதிரவும் கூடாது. டீ ஆறறதுக்குள்ள தின்னு முடிக்கோணும். இந்த மூணும் சரியா இருந்தா, நல்லதா இருந்தாலும் வாங்குவாங்க.”

அவருடைய வேலையில் பாதி கம்பிலேயே போய்விடுகிறது. ஓட்ஸில் அந்தத் தொல்லை கிடையாது. நம் கடைகளுக்கு வருகிற ஓட்ஸில் பெரும்பகுதி ஆஸ்திரேலியாவில் விளைந்தது. ஆலையிலேயே ஆவியில் வேகவைத்து, உருளையில் தட்டையாக்கிப் பொட்டலம் போடுகிறார்கள். அந்த ஆவி, தானியத்தின் கொழுப்பைச் சிதைக்கும் நொதியை முடக்கிவிடுவதால் மாதக்கணக்கில் கெடாது. கம்பிலும் அதே நொதி இருக்கிறது, கொழுப்பும் அரிசி, கோதுமையைவிட அதிகம். அதனால்தான் அரைத்த கம்பு மாவு சில நாளிலேயே சிக்கடித்துக் கசக்கிறது. கம்பு கசக்கும் என்று சொல்பவர்களில் பலர் பழைய மாவைத் தின்றவர்கள்.

அக்கா கம்பை ராத்திரி ஊறப்போட்டு, நிழலில் உலர்த்தி, மணம் வரும்வரை வறுத்து, அந்தந்த வாரத்துக்கு வேண்டியதை மட்டும் மில்லில் கொடுத்து அரைக்கிறார். வறுப்பதில்தான் நொதி அடங்குகிறது. ஊறவைப்பதில் இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைத் தடுக்கும் பைட்டேட் கொஞ்சம் குறைகிறது. இந்தக் காரணமெல்லாம் நான் சொன்னபோது, “எங்கம்மா அப்படித்தான் செய்யும்” என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

குக்கீஸுக்கு அவர் கணக்கு: கம்பு மாவு 300 கிராம், ஓட்ஸ் 150, வெண்ணெய் 225, நாட்டுச்சர்க்கரை 200, சிட்டிகை சோடா உப்பு, இறுக்கமானால் இரண்டு கரண்டி பால். வெண்ணெய் ஊத்துக்குளியுடையது, ஈரோட்டுக்கும் திருப்பூருக்கும் நடுவே உள்ள ஊர் என்பதால் கைக்கெட்டும் தூரம். அதில் நீர் மிச்சமிருந்தால் குக்கீஸ் ஓவனில் படர்ந்துவிடும் என்று பிசைந்து பிசைந்து நீரை வடிக்கிறார். சர்க்கரை கவுந்தப்பாடியிலிருந்து வருகிறது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகிற அதே சரக்கு.

கம்பில் கோதுமையின் இழுவை இல்லை. ரொட்டிக்கு அது குறை, குக்கீஸுக்கு வசதி. ஆனால் கம்பு மட்டும் போட்டால் பொலபொலவென்று உதிரும். அதைப் பிடித்துவைக்கத்தான் ஓட்ஸ். 165 டிகிரியில் இருபது நிமிஷம் போல வேகிறது. தட்டு ஆறியதும் அக்கா ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கிறார். ஓரம் கறுத்ததும் விரிசல் விட்டதும் “ரிஜெக்ட்” டப்பாவுக்குப் போகின்றன. அந்த டப்பாவைக் காலி செய்கிற வேலையை எனக்குக் கொடுத்தார்கள். குறையேதும் நாக்குக்குத் தெரியவில்லை.

பாருக்குப் பாகு. 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாயில் பாகு முறுகி, கடித்தால் உடைய வேண்டும். இங்கே அதற்கு வெகு முன்னாலேயே அடுப்பை அணைக்கிறார்கள். தண்ணீரில் விட்ட துளியை விரலால் மெதுவாக உருட்ட முடிகிற பதம் போதும். வறுத்த ஓட்ஸ், நிலக்கடலை, எள்ளைக் கொட்டிக் கிளறி, தட்டில் அழுத்தி, ஸ்கேல் வைத்து வெட்டுகிறார்கள். இப்படி மெத்தென்று எடுத்தால் பிசுபிசுக்குமே என்று கேட்டேன். மேலே பொட்டுக்கடலை மாவைத் தூவிக் காட்டினார். கம்பெனிகளில் வேலை செய்யும் பீகார்ப் பையன்களுக்கு அந்த வாசனை ஊரை நினைவூட்டுகிறதாம். வறுகடலை மாவு அவர்கள் ஊரில் அன்றாட உணவு.

இது ஆரோக்கியமா? எடைபோட்டுப் பார்த்தால் அந்தக் குக்கீஸில் கிட்டத்தட்டப் பாதி வெண்ணெயும் சர்க்கரையும்தான். நாட்டுச்சர்க்கரையும் சர்க்கரையே. மறுபக்கம், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. கம்பில் 100 கிராமுக்கு ஆறு மில்லிகிராமுக்கு மேல் இரும்புச்சத்து உண்டு. மைதா பிஸ்கட்டுக்கு இது எவ்வளவோ மேல். ஆனாலும் காலைச் சாப்பாட்டுக்கு நான் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். கம்மஞ்சோறும் மோரும் கிடைக்கிற வீட்டில் யாரும் குக்கீஸ் தேட வேண்டாம். கம்பெனி வேனில் உட்கார்ந்து கம்மஞ்சோறு தின்ன முடியாது என்பதுதான் சிக்கல். வேனுக்கு ஓடுகிற பெண்கள் இரண்டு பாரைக் கைப்பையில் போட்டுக்கொள்கிறார்கள்.

விற்பனை ஷிப்டைப் பொறுத்தது. மாலை ஐந்தரையோடு முடிந்தால் ஒரு ஷிப்ட். இரவு எட்டரை, ஒன்பது வரை நின்றால் ஒன்றரை. அந்த அரை ஷிப்டின் டீக்குத்தான் அக்காவுக்கு நல்ல வியாபாரம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது, அமெரிக்க ஆர்டரை நம்பியிருந்த கம்பெனிகளில் முதலில் நின்றது அரை ஷிப்ட். இவருடைய மாலை நேரத் தட்டுகளும் அதோடு நின்றன. அப்போதுதான் நான்கு பார் வைத்த பொட்டலத்தை உடைத்து ஒற்றை பாராக விற்க ஆரம்பித்திருக்கிறார். கவர் செலவு கூடுகிறது. அதற்காக விலையை ஏற்றினீர்களா என்றதற்கு, “டீ பேட்டாவுக்குள்ள அடங்கோணுமுங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த தட்டை ஓவனில் தள்ளினார்.