வாயிலுக்கு வராத விமானம்

விருந்தினரை வாசல்வரை சென்று அழைத்து வருவதும், அவர் விடைபெறும்போது படலைவரை சென்று வழியனுப்புவதும் எம்மவர் மரபு. பெரிய விமான நிலையங்களும் இம்மரபை ஒருவாறு பேணவே முயல்கின்றன. முனையக் கட்டிடத்தின் வாயிலிலிருந்து நீளும் இணைப்புப் பாலம் விமானத்தின் கதவைத் தொட்டு நிற்க, பயணி வெயிலும் மழையும் அறியாது உள்ளே சென்று அமர்கிறான். ஆனால் எல்லா விமானங்களுக்கும் இம்மரியாதை கிடைப்பதில்லை. வாயில் கிடைக்காத விமானம் தொலைவில், திறந்த வெளியில் நிறுத்தப்படுகிறது. பயணிகள் பஸ் வண்டியில் அவ்விடம் சென்று, படிக்கட்டில் ஏறியே தம் இருக்கையை அடைதல் வேண்டும். அவ்விடத்தைத் தொலைத் தரிப்பிடம் எனலாம்.

“மாளிகை போன்ற நிலையத்தைக் கட்டியவர்களுக்கு இன்னும் பத்து வாயில்கள் கட்ட முடியாதா, சேர்?” என்று மாணவன் ஒருவன் என்னைக் கேட்டான். நியாயமான கேள்வி. அதற்குரிய விடையின் ஒரு பகுதி எங்கள் கல்லூரி நேரசூசியிலேயே இருக்கிறது.

ஆய்வுகூடம் ஒன்று, வகுப்புக்களோ பல. ஒரு வகுப்புப் பத்து நிமிடம் நீடித்தால், அடுத்த வகுப்பு விறாந்தையில் காத்து நிற்கும். விமான வாயிலின் கதையும் இதுவே. குறுந்தூரம் பறக்கும் சிறிய விமானம் பயணிகளை இறக்கி, துப்புரவு செய்து, எரிபொருள் நிரப்பி, மீண்டும் புறப்பட ஒரு மணித்தியாலமளவு போதும். கடல் கடந்து வரும் பெரிய விமானத்திற்கோ இரண்டு, மூன்று மணித்தியாலம் வேண்டும். முன்னது தாமதித்தால் பின்னது இடமின்றித் தவிக்கும்.

இடத்தின் கணக்கு இதனினும் கடினமானது. ஏ320 போன்ற சிறிய விமானத்தின் இறக்கைகளின் அகலம் ஏறக்குறைய 36 மீற்றர். ஏ380 விமானத்திற்கோ அது ஏறக்குறைய 80 மீற்றர். பெரிய விமானம் ஒன்று, அல்லது சிறிய விமானங்கள் இரண்டு நிற்கத்தக்கதாகச் சில தரிப்பிடங்கள் அமைக்கப்பட்டுள்ளன. அங்கே பெரியது ஒன்று வந்து நின்றால், சிறியவை இரண்டு இடமிழக்கும்.

மேலும், விமானங்கள் நாள் முழுவதும் சீராக வருவதில்லை. அயலவரின் உறக்கத்தின் பொருட்டு ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் இரவுப் பறப்புக்குக் கட்டுப்பாடு உண்டு. பிராங்பேர்ட்டில் 2011 ஆம் ஆண்டு முதல் இரவு 11 மணி தொடக்கம் காலை 5 மணி வரை தடை நிலவுகின்றது. அந்நகரங்களைக் காலையிற் சென்றடையும் பொருட்டு, எம் பகுதியிலிருந்து பல விமானங்கள் நள்ளிரவு கழிந்தபின் ஒருங்கே புறப்படுகின்றன. அவ்வேளையில் வாயிலுக்குப் போட்டி. பிற வேளைகளில் அதே வாயில்கள் ஓய்ந்து கிடக்கும். கலியாண வீட்டில் ஆயிரம் பேரும் ஒரே பந்தியில் அமரத்தக்க மண்டபத்தை யார்தான் கட்டுவார்?

ஆகவே வாயில் பற்றாக்குறை என்பது முழுவதும் நிருவாகத்தின் அசட்டையன்று. எவ்விமானத்திற்கு வாயில், எதற்குத் தொலைத் தரிப்பிடம் என்பதை விமானத்தின் பருமன், கம்பனியின் ஒப்பந்தம், நேரந்தவறாமை ஆகியன தீர்மானிக்கின்றன. பாலத்திற்குரிய கட்டணத்தை மிச்சம் பிடிக்க விரும்பித் தொலைவையே நாடும் சிக்கனக் கம்பனிகளும் உள. இக்கணக்குக்கள் யாவும் சரியானவையே. ஆனால் முழங்கால் நோவுள்ள முதியவர் எவ்விமானத்தில் வருகிறார் என்ற கேள்விக்கு மட்டும் இவற்றில் இடமில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் வாழும் என் தங்கையைப் பார்த்துவிட்டு, தாயாருடன் ஊர் திரும்பினேன். அவருக்கு அப்பொழுது எழுபத்தாறு வயது. இடைவழியில் விமானம் மாறிய பெரிய நிலையத்தில், கொழும்பு விமானத்திற்கு வாயில் கிடைக்கவில்லை. “தம்பி, பிளேனிலை ஏறுறதுக்கும் பஸ்ஸோ?” என்று அம்மா வியந்தார். பஸ் நின்ற இடத்தில் விமானத்தின் கதவு ஏறக்குறைய 5 மீற்றர் உயரத்தில் இருந்தது. அம்மாவாற் படி ஏற இயலாதென்று முன்னரே அறிவித்திருந்தோம். எனினும் முதியோரை உயர்த்தி ஏற்றும் வண்டி வேறொரு விமானத்தில் வேலையாய் இருந்தது. எப்பொழுது வரும் என்று எவராலும் கூற முடியவில்லை.

அம்மா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏறத் தொடங்கினார். ஐந்து படிக்கொருமுறை நின்றார். பின்னால், வெளிநாட்டு வேலை முடித்து ஊர் திரும்பும் எம் நாட்டவர் பலர் வெக்கையில் காத்து நின்றனர். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. அவர்களுள் ஓர் இளைஞன் அம்மாவின் பையை வாங்கிக்கொண்டு, ஒரு படி கீழே நின்றவாறு, “ஆறுதலா ஏறுங்கோ அம்மா, எங்களை விட்டிட்டுப் போகமாட்டான்” என்றான். நிலையம் செய்யத் தவறிய கடமையை அவன் செய்தான். ஆயினும் வழிப்போக்கரின் நற்குணத்தை நம்பியா ஒரு நிலையம் நடத்தப்படுவது?

தூரத்தைக் குறையாகக் கருதாது, கொள்கையாகவே ஏற்றுக்கொண்ட ஒரு நிலையமும் உண்டு. 1962 நவம்பர் 17 ஆந் திகதி அமெரிக்க ஜனாதிபதி கென்னடி திறந்து வைத்த, வாஷிங்டனுக்கு அணித்தான டலஸ் விமான நிலையமே அது. அதனை வரைந்த சிற்பி ஏரோ சாரினென் 1961 இற் காலமாகிவிட்டார். விமானங்களைத் தொலைவில் நிறுத்தி, காத்திருக்கும் அறையையே சில்லுகளின்மேல் ஏற்றி அங்கு அனுப்பலாம் என்பது அவர் எண்ணம். 54 அடி நீளமான அந்நகரும் அறை நூறு பேரளவில் ஏற்றிச் சென்று, விமானக் கதவோடு பொருந்தி நிற்கும். பயணி படி ஏறவே வேண்டியதில்லை.

விமானங்கள் பெருத்தன, ஒரு விமானத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறிச் செல்வோர் பெருகினர். அவர்களுக்கு இம்முறை தாமதத்தையே தந்தது. 1985 இல் அங்கும் ஓடுபாதைகளுக்கிடையே வாயில்களுடைய கட்டிடம் எழுந்தது. 2010 இல் நிலத்தடி ரயிலும் ஓடத் தொடங்கியது. சாரினெனின் திட்டம் முழு வெற்றி பெறவில்லைதான். எனினும், விமானம் தொலைவில் நின்றாலும் பயணியின் கால்கள் துன்புறலாகாது என்ற அவர் நோக்கம் பழுதானதன்று.

அந்நோக்கத்தைச் சட்டமாக்கியோரும் உளர். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006 ஆம் ஆண்டு விதிப்படி, நடமாட இயலாதோர்க்கு வேண்டிய உதவியை விமான நிலைய நிருவாகமே இலவசமாக அளித்தல் வேண்டும். பயணி 48 மணித்தியாலங்களுக்கு முன் அறிவித்தாற் போதும். வாயில் கட்ட நிலமும் பெருஞ் செல்வமும் வேண்டும். உயர்த்து வண்டிகளை வேண்டிய அளவு வைத்திருக்க அத்துணை வேண்டியதில்லை.

முதியோரை அனுப்பும் குடும்பத்தார் ஒன்றை மனத்திற் கொள்க. சக்கர நாற்காலி கேட்போரை விமானக் கம்பனிகள் மூவகையாகப் பதிகின்றன: நெடுந்தூரம் நடக்க இயலாது, ஆனால் படி ஏறக்கூடியவர், படியும் ஏற இயலாதவர், இருக்கைவரை தூக்கிச் செல்லப்பட வேண்டியவர். நாற்காலி வேண்டும் என்று மட்டும் கூறினால் முதல் வகையிற் பதிந்துவிடவும் கூடும். அந்நாற்காலி படிக்கட்டின் அடியோடு நின்றுவிடும். படி ஏற இயலாதென்பதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். பயணத்தின்போதும் மறுபடி சொல்லுங்கள். வண்டி வரத் தாமதித்தால் தயங்காது கேளுங்கள். அது சலுகையன்று, பயணச்சீட்டு வாங்கிய ஒருவர் தம் இருக்கையை அடைவதற்குரிய வழி.