தரையே எதிரியானபோது

ஐரோலியில் மழை பிடித்துக்கொண்டால் பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்துச் சமாளிப்பது பெரும்பாடு. சொசைட்டி மைதானத்தில் கணுக்கால் தண்ணீர். எங்கள் வீட்டு ஹாலில் நான்கு பையன்கள், நான்கு கன்ட்ரோலர்கள், ஒரு டி.வி. நான் ஒரு மூலையில் உட்கார்ந்து மராத்தி அறிக்கை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். திடீரென்று ஒருவன் கத்தினான்: ‘‘பர்தி ஆலி! பர்தி!’’

பர்தி என்றால் மராத்தியில் கடல் ஏற்றம். கத்தியவன் இங்கே பக்கத்தில் திவா கோலிவாடாவைச் சேர்ந்த பையன். மீன்பிடிக் குடும்பம். பர்தி எப்போது, ஓஹோட்டி எப்போது என்று பார்த்துத்தான் அவன் தாத்தா காலத்தில் வீட்டில் அடுப்பே எரிந்திருக்கும். ஆனால் அவன் கத்தியது தாணே கடற்கழியைப் பார்த்தல்ல. டி.வி. திரையின் அடியிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் நெருப்புக் குழம்பு பொங்கி மேலே வந்துகொண்டிருந்தது. நான்கு பொம்மை வீரர்களும் சண்டையை மறந்து உயரத்துக்குத் தாவினார்கள். என் மகனுடைய ஆள் மட்டும் அரை நொடி பிந்திவிட்டான். போயே போய்விட்டான்.

‘‘இது சீட்டிங்!’’ என்றான் மகன். ‘‘என்னை யாருமே அடிக்கலையே. தரை அடிச்சா அது எப்படித் தோல்வி?’’

வயது பதினான்கு. ஆனால் கேள்வி நல்ல கேள்வி. பேனாவை மூடி வைத்துவிட்டுப் பார்க்க ஆரம்பித்தேன்.

விளையாட்டின் பெயர் சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ். 1999ல் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்டது. வெவ்வேறு வீடியோ கேம்களில் அவரவர் பாட்டுக்கு வாழ்ந்துகொண்டிருந்த கதாபாத்திரங்களை ஒரே களத்தில் இறக்கி மோதவிடுவதுதான் இதன் சாரம். குழாய் ரிப்பேர்க்காரர் மாரியோவும் மஞ்சள் எலி பிகாச்சுவும் போட்டி நிறுவனத்தின் நீல முள்ளெலி ஸானிக்கும் கைகலப்பார்கள். இதைக் கற்பனை செய்த மஸாஹிரோ ஸகுராய் முதலில் போட்ட மாதிரியில் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. ‘டிராகன் கிங்’ என்று அதற்குப் பெயர். பின்னாளில் நின்டெண்டோவின் தலைவரான ஸடோரு இவாடா அதற்கு புரோகிராம் எழுதினார். 2018ல் வந்த ‘அல்டிமேட்’ பதிப்பில் 80க்கும் மேற்பட்ட வீரர்கள், 100க்கும் மேற்பட்ட களங்கள். மஸ்கட்டிலிருந்து என் தம்பி கொண்டுவந்தது இந்தப் பதிப்பைத்தான்.

மற்றச் சண்டை விளையாட்டுகளில் ஒவ்வொரு அடிக்கும் உயிர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். இதில் அப்படியில்லை. அடி விழ விழ ஒரு சதவீத எண் ஏறும். எண் ஏற ஏற அடுத்த அடியில் இன்னும் தொலைவுக்குத் தூக்கியெறியப்படுவீர்கள். களத்தின் விளிம்பைத் தாண்டிவிட்டால் ஆட்டம் காலி. அதாவது இங்கே தோல்வி என்பது நிற்க இடமில்லாமல் போவது.

அன்று பையன்கள் ஆடிய களத்துக்கு நார்ஃபேர் என்று பெயர். 1986ல் வந்த ‘மெட்ராய்ட்’ என்ற விளையாட்டில் ஒரு கிரகத்தின் அடியாழத்திலுள்ள எரிமலைப் பகுதி அது. 2008ல் ஸ்மாஷ் வரிசைக்குக் களமாக வந்து சேர்ந்தது. அந்தரத்தில் ஐந்து சிறு மேடைகள். கீழே நெருப்புக் குழம்பு. சில சமயம் அது அடியிலிருந்து பொங்கும். சில சமயம் பக்கவாட்டிலிருந்து சுவர்போல எழுந்து பாதிக் களத்தை விழுங்கும். எதிரியைப் பார்ப்பதா, காலடியைப் பார்ப்பதா என்று குழம்பிப்போனவன் தோற்றான்.

மகனுக்கு இது பிடிக்கவில்லை. அவன் தரப்புக்கு ஆதாரமும் வைத்திருந்தான். பரிசுப் பணம் வைத்து நடத்தப்படும் போட்டிகளில் இதுபோன்ற ஆபத்தான களங்களுக்கு அனுமதி கிடையாதாம். புதிய பதிப்பில் களத்தின் ஆபத்துகளை அணைத்துவைக்க ஒரு ஸ்விட்சே இருக்கிறதாம். ‘‘ஹஸார்ட் ஆஃப் பண்ணினாத்தாம்மா யார் நல்ல பிளேயர்னு தெரியும்’’ என்றான். கோலிவாடாப் பையன் சிரித்தான். ‘‘காகூ, இவனுக்கு பர்தி பார்க்கத் தெரியாது. அதான்’’ என்று என்னிடம் மராத்தியில் புகார் சொன்னான்.

தமிழ் எம்.ஏ. படித்தவளிடம் இப்படி ஒரு வழக்கு வந்தால் தீர்ப்புக்குத் தொல்காப்பியத்தைத்தான் எடுப்பாள். புறத்திணையில் தும்பை என்று ஒரு போர் உண்டு. மண்ணுக்காகவோ மாட்டுக்காகவோ அல்ல, வலிமை யாருக்கு என்று காட்ட மட்டுமே இரண்டு பேர் எதிரெதிரே நிற்பது. நெய்தலுக்கு அதைப் புறமாக வைத்திருக்கிறார் தொல்காப்பியர். கடற்கரை மணல் இருவருக்கும் சமம் என்று அதற்குக் காரணம் கற்பித்துக்கொள்ளலாம். மகன் கேட்பது தும்பை. உழிஞை அப்படியல்ல. அது கோட்டையை முற்றுகையிடும் போர். அங்கே ஆளோடு மட்டுமில்லை, அகழியோடும் மதிலோடும் காட்டோடும் மோதியாக வேண்டும். கோலிவாடாப் பையன் ஆடுவது உழிஞை.

மதில் என்றதும் சிலப்பதிகாரத்தின் மதுரை நினைவுக்கு வந்தது. அந்தக் கோட்டை மதில்மேல் என்னென்ன பொறிகள் இருந்தன என்று இளங்கோவடிகள் ஒரு பட்டியல் போடுகிறார். கல் உமிழும் கவண். கொதிக்கும் எண்ணெய். உலோகம் காய்ச்சும் உலை. கிட்டே வந்தவரைக் கடிக்கும் குரங்குப் பொறி. பறந்துபோய்க் கண்ணைக் கொத்தும் மீன்கொத்திப் பொறி. ஜப்பானில் வீடியோ கேம் செய்கிறவர்களுக்கு இதை யாராவது மொழிபெயர்த்துக் கொடுத்தால் புதிதாக ஒரு களமே செய்துவிடுவார்கள்.

கல்லூரியில் இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்தபோது கவனிக்காத ஒன்று அன்று சட்டென்று உறைத்தது. இந்தப் பொறிகள் எந்தப் போர்க் காட்சியிலும் வரவில்லை. அடைக்கலக் காதையின் முடிவில் வருகின்றன. ஊர் தெரியாத கண்ணகியை இடைக்குலத்து மாதரியிடம் ஒப்படைக்கிறார் கவுந்தியடிகள். அவளைக் கூட்டிக்கொண்டு மாதரி இத்தனை கொலைக் கருவிகளையும் கடந்து கோட்டைக்குள் தன் வீட்டுக்குப் போகிறாள். எண்ணெய் கொதிக்கும் மதிலும் வந்தவளை ஏற்றுக்கொள்ளும் வாசலும் ஒரே காதையில். பின்னால் கோவலன் கொலையுண்ட செய்தி கேட்டதும், அடைக்கலமாக வந்தவர்களைக் காக்க முடியவில்லையே என்று மாதரி தீயில் இறங்கிவிடுகிறாள்.

இதையெல்லாம் பையன்களிடம் சொல்லவில்லை. அவர்கள் அடுத்த ஆட்டத்தில் இருந்தார்கள். அப்போதுதான் நார்ஃபேரின் உச்சக் காட்சியைப் பார்த்தேன். பின்னணியிலிருந்து பிரம்மாண்டமான நெருப்பலை திரையை நோக்கி வரத் தொடங்கியது. அதே சமயம் ஒரு மேடைமீது சின்னதாக ஒரு காப்பறை முளைத்தது. அதற்குள் இருப்பவரை அலை ஒன்றும் செய்யாது. நான்கு பேரும் அந்த அறையை நோக்கிப் பாய்ந்தார்கள். உள்ளே போக ஓர் அடிதடி, மற்றவனைப் போகவிடாமல் இருக்க ஓர் அடிதடி.

‘‘ஏண்டா, சேர்ந்து போனா என்ன?’’ என்று கேட்டேன்.

‘‘சேர்ந்து போனா அப்புறம் கேம் எதுக்கும்மா?’’ என்றான் மகன், திரும்பிப் பார்க்காமலே.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

2005 ஜூலை 26. எனக்கு இருபத்தைந்து வயது. அந்தேரியில் வேலை, தாராவியில் சித்தி வீட்டில் ஜாகை. அன்று சாந்தாகுருஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அதே நாளில் தெற்கே கொலாபாவில் பெய்தது 73 மில்லிமீட்டர்தான். ஒரே நகரத்தின் ஒரு பகுதியில் ஸ்விட்ச் போட்டிருந்தது, இன்னொரு பகுதியில் அணைத்திருந்தது. லோக்கல் ரயில்கள் நின்றுவிட்டன. நாலு மணிக்கு ஆபீஸை விட்டு நடக்க ஆரம்பித்தேன். மித்தி ஆறு கரை தாண்டிவிட்டது என்று வழியில் சொன்னார்கள். குர்லாவை நெருங்கும்போது இருட்டு. தண்ணீர் இடுப்புக்கு மேல். முன்பின் தெரியாதவர்கள் கைகோத்துச் சங்கிலியாக நடந்தோம். எது சாலை, எது சாக்கடை, எங்கே மூடி திறந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. காலுக்குக் கீழே தரை இருக்கும் என்பதை அதுவரை நான் ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை.

ஒரு கடையின் மாடியிலிருந்து டார்ச் வெளிச்சம் அடித்து ஒரு கிழவி கூப்பிட்டாள். ஏறிப்போனோம். ஒரே அறை. எல்லோரும் அவளை ‘நானி’ என்றார்கள். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எண்ணிப் பார்த்தேன், பதினான்கு பேர். நானி டீ போட்டாள். டம்ளர் போதாமல் முறை வைத்துக் குடித்தோம். ஈரத்துணியும் மூச்சுக்காற்றுமாக அறை புழுங்கியது. இடித்துக்கொண்டு உட்கார்ந்ததில் எனக்குக் கிடைத்த இடம் கதவோரம்.

நள்ளிரவு இருக்கும். கதவு தட்டப்பட்டது. வெளியே ஓர் ஆணின் குரல்: ‘‘அம்மா, கொஞ்சம் திறங்கம்மா.’’

தமிழ். திருநெல்வேலிப் பக்கத்துத் தமிழ். அந்த அறையில் அது புரிந்தது எனக்கு ஒருத்திக்குத்தான்.

காது மந்தமான நானி அறையின் மறுகோடியிலிருந்து கேட்டாள்: ‘‘கௌன் ஹை?’’

பதினான்கு பேர். இன்னும் ஒருவர் வந்தாலும் காலை மடக்கிக்கூட உட்கார முடியாது. யார் என்ன ஆளோ, எத்தனை பேரோ. இப்படியெல்லாம் யோசித்ததாக இப்போது எழுதுகிறேன். உண்மையில் ஒன்றும் யோசிக்கவில்லை. வாய் தானாகச் சொன்னது: ‘‘கோயி நஹீ.’’

யாருமில்லை.

மறுபடி தட்டும் சத்தம். நானிக்கு அது கேட்டதோ, கதவு அதிர்ந்ததைப் பார்த்தாளோ, எழுந்துவிட்டாள். ‘‘யாருமில்லாமலா தட்டுகிறது? மழையா தட்டுகிறது?’’ என்று இந்தியில் முணுமுணுத்துக்கொண்டே இத்தனை பேரையும் தாண்டி வந்து தாழ்ப்பாளைத் திறந்தாள். ஓர் ஆள், அவன் தம்பி போலிருந்த விடலைப்பையன், அந்த ஆளின் தோளில் ஐந்து வயதிருக்கும் ஒரு பெண் குழந்தை. உள்ளே வந்தார்கள். இடம் இருந்தது. எப்படியென்று கேட்டால் எனக்குத் தெரியாது. பதினான்கு பேர் கொஞ்சம் நகர்ந்தோம், அவ்வளவுதான். குழந்தை என் மடியில் தூங்கியது.

விடிந்ததும் மற்றவர்களோடு நான் பேசிய இந்தியை வைத்தே அந்த ஆள் கண்டுபிடித்துவிட்டான். ‘‘அக்கா தமிழா?’’ என்றான். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு குற்றம் சாட்டுகிற தொனி துளியும் இல்லாமல், ‘‘ராத்திரி நான் கூப்பிட்டது கேக்கலியோ?’’ என்றான்.

‘‘மழைச் சத்தத்துல ஒண்ணும் கேக்கலை’’ என்றேன்.

அந்த வெள்ளத்தில் மும்பையில் மட்டும் 400க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அவர்களில் எத்தனை பேர் எந்தக் கதவுகளைத் தட்டிப் பார்த்தார்களோ.

இருபது வருடங்கள் ஆகிவிட்டன. சித்திக்குச் சொல்லவில்லை. கணவருக்குச் சொல்லவில்லை. அந்த இரவைப் பற்றி ஒரு கட்டுரைகூட எழுதியிருக்கிறேன். கைகோத்து நடந்ததும் நானியின் டீயும் மும்பையின் மனிதாபிமானமும் அதில் வந்தன. கதவோரம் நான் சொன்ன இரண்டு சொற்கள் வரவில்லை.

மறுநாள் மகனிடம் முதன்முதலாகச் சொன்னேன். கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான். ‘‘நீ ஏம்மா அப்படிச் சொன்னே?’’ என்றான். தெரியலை என்றேன். அவன் வயதில் ‘தெரியலை’ என்பது பதிலே இல்லை. சற்று நேரம் கழித்து, ‘‘அந்தப் பாட்டி பயப்படலையா?’’ என்று கேட்டான். அதற்கும் என்னிடம் பதில் இல்லை. அவள் பயந்திருக்கலாம். பயந்துகொண்டே திறந்திருக்கலாம்.

தரை அடித்தால் அது தோல்வியாகுமா என்ற அவன் கேள்விக்கு இப்போது எனக்கு ஒரு பதில் இருக்கிறது. ஆகாது. அன்று தரை எங்கள் எல்லோரையும் ஒன்றுபோலத்தான் அடித்தது. நான் தோற்றது தண்ணீரில் அல்ல. தண்ணீர் எட்டாத உயரத்தில், பத்திரமாக, கதவோரம் உட்கார்ந்திருந்தபோது.

இங்கே ஐரோலியில் ஜன்னலைத் திறந்தால் தூரத்தில் அலையாத்திக் காடு தெரியும். அதற்கப்பால் கடற்கழி. குளிர்காலத்தில் பூநாரைகள் வந்து நிற்கும் அந்தச் சதுப்பை 2015ல் சரணாலயமாக அறிவித்தார்கள். மழைக்காலத்தில் பர்தியும் மழையும் ஒன்றாக வரும் நாள்களைக் கோலிவாடாப் பையன் விரல்விட்டுச் சொல்வான். அந்த நாள்களை அணைத்துவைக்க ஸ்விட்ச் கிடையாது.

பத்திரிகையில் தவறு நேர்ந்தால் அடுத்த இதழில் திருத்தம் போடுவது மரபு. நானும் பல திருத்தங்கள் எழுதியிருக்கிறேன், பெரும்பாலும் பெயரிலும் தொகையிலும் வந்த பிழைகள். மொழிபெயர்ப்பாளராக நான் தெரிந்தே செய்த ஒரு பிழைக்கு மட்டும் இன்னும் திருத்தம் வரவில்லை. தாமதத்துக்கு மன்னிக்கவும்.

2005 ஜூலை 26 இரவு, குர்லாவில், ‘யார் அது?’ என்ற கேள்விக்கு ‘யாருமில்லை’ என்று நான் சொன்னது தவறு. கதவுக்கு வெளியே மூன்று பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.