சின்னஞ்சிறு அந்நியன்

சிறுவர் கதைகளில் உலகெங்கும் விரும்பப்படும் ஒரு வகை உண்டு. விண்ணிலிருந்து தனித்து வந்திறங்கிய சின்னஞ்சிறு உயிரொன்றைச் சிறுவர் சிலர் காண்கின்றனர். உணவளித்து மறைத்து வைக்கின்றனர். அதன் உலகுக்கு ஆபத்து நேரின் துணை நிற்கின்றனர். அறிவியற் புனைகதை எனப் பெயர் பெறினும், அந்நியனை எவ்வாறு ஏற்பது என்னும் மிகப் பழைய வினாவே இக்கதைகளின் உயிர்நிலை எனலாம்.

தென்னாசியாவுக்கு இக்கதை புதியதன்று. வங்கத்துச் சத்யஜித் ராய் 1962 இல் ‘சந்தேஷ்’ என்னும் சிறுவர் சஞ்சிகையில் ‘பங்குபாபுவின் நண்பன்’ என்ற சிறுகதையை எழுதினார். ஊராரின் கேலிக்கு ஆளான பள்ளியாசிரியரொருவர், வேற்றுக்கிரகவாசி ஒருவனைச் சந்தித்தபின் நிமிர்ந்து நிற்கக் கற்றுக்கொள்வதே அதன் பொருள். 1967 இல் அவர் ‘தி ஏலியன்’ என்னும் திரைக்கதையை ஆக்கினார். அதிலே வங்கக் கிராமமொன்றின் தாமரைக் குளத்தில் விண்கலம் இறங்குகிறது. ஊரவர் அதனைக் கோயிலென எண்ணி வணங்க, ஏழைச் சிறுவன் ஒருவன் அதில் வந்த சிற்றுருவின் நண்பனாகிறான். 1956 முதல் 2008 இல் மறையும்வரை இலங்கையில் வாழ்ந்த ஆதர் சி. கிளார்க்கும் அவர் நண்பர் மைக் வில்சனும் இதனைப் படமாக்கும் முயற்சியில் தொடர்புற்றிருந்தனர். படம் எடுக்கப்படவேயில்லை. 1982 இல் ஸ்டீவன் ஸ்பீல்பேர்க்கின் ‘ஈ.ரீ.’ வெளிவந்தபோது இரண்டுக்குமுள்ள ஒற்றுமை பேசப்பட்டது. ஸ்பீல்பேர்க் அத்தொடர்பை மறுத்தார்.

அவ்வழக்கிற்குத் தீர்ப்புக் கூறுதல் என் நோக்கமன்று. இரு கதைகளிலும் பெரியோர் நடந்துகொள்ளும் முறையே என் சிந்தையைக் கவர்ந்தது. ராயின் ஊரவர் வணங்குகின்றனர். ஸ்பீல்பேர்க்கின் அதிகாரிகள் பிடித்து ஆராய்கின்றனர். வந்தவனுக்குப் பசிக்குமே என்று எண்ணுவோர் சிறுவர் மாத்திரமே.

‘ஈ.ரீ.’ வெளிவந்த மறு ஆண்டே, 1983 இல், ஸ்பீல்பேர்க் கண்டிக்கு வந்தார். ‘இந்தியானா ஜோன்ஸ் அன்ட் த டெம்பிள் ஒஃப் டூம்’ படத்தின் திரைக்கதையில் இந்திய அரசு மாற்றங்களைக் கோரியதே அவர் இங்கு வரக் காரணம். நமது பல்கலைக்கழகத்துக்கு மேலே உயர்ந்து நிற்கும் ஹந்தானை மலையின் தேயிலைத் தோட்டத்தில், படத்தின் இந்தியக் கிராமம் எழுப்பப்பட்டது. இவ்வாறு ஹந்தானை சிறிது காலம் இந்தியாவாயிற்று.

சட்டத்தின் கண்ணிலோ, இம்மலைகளில் உழைத்த தமிழர் அதற்கு நெடுங்காலம் முன்னரே இந்தியராக்கப்பட்டிருந்தனர். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964 இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென வகுத்தது. எஞ்சிய 150,000 பேரின் கதி பின்னரே முடிவாயிற்று. மலைநாட்டிலிருந்து புகையிரதத்தில் தலைமன்னார் சென்று கப்பலேறியோர் பலர். தமிழ்நாட்டு அரசேடுகள் அவர்களைத் ‘தாயகம் திரும்பியோர்’ என்றன. அயலவர் ‘சிலோன்காரர்’ என்றனர்.

சென்ற விடுமுறையில் எம் வீட்டுச் சிறுவர் விண்ணுலகப் படமொன்றைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தனர். அதிலே சிற்றுருவம் வானை நோக்கி விரல் நீட்டித் தன் வீட்டைக் காட்டியது. அருகிலிருந்த என் அப்பாயி, “அதுக்காவது சொந்த ஊரு எதுன்னு தெரிஞ்சிருக்கே” என்றார். அவருடைய தம்பி குடும்பத்துடன் கூடலூருக்கு அனுப்பப்பட்டவர். எமது தோட்டத்து லயத்தில் பிறந்து, ஒருபோதும் கண்டிராத நாட்டுக்குத் ‘திரும்பி’யவர். அங்கிருந்து அவர் எழுதிய கடிதங்களில் ‘நம்ம ஊரு’ என்று வருமிடமெல்லாம் எமது தோட்டத்தையே குறித்தது என்பார் அப்பாயி.

விண்கதைகளில் சிறுவரின் கடமை தெளிவானது. அந்நியனின் வீடு வானில் இருக்கிறது; அவனை அங்கே சேர்ப்பித்தால், அன்றி அதனைக் காக்க அவனுடன் நின்று போரிட்டால், நட்பு நிறைவுறும். அந்நியன் எனப்பட்டவனின் வீடு நம் வீட்டுக்கு அடுத்த வீடாயின் கண்ணீருடன் வழியனுப்பும் அன்பு அவனுக்கு உதவாது. அவனுடைய உலகைக் காப்பதென்பது அவன் பிறந்த இதே மலைச்சரிவில் அவன் வாழும் உரிமைக்குத் துணை நிற்பதாகும். 1964 இல் அவ்வாறு துணை நின்ற அயலவர் போதிய அளவில் இருந்திருப்பின் அந்தக் கடிதங்களுக்குத் தேவை நேர்ந்திராது.

2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம், இங்கு எஞ்சியிருந்த இந்திய வம்சாவளியினருக்குப் பிரசாவுரிமை வழங்கியது. ஏட்டளவில் அந்நியம் நீங்கிற்று. எனினும் லயங்களில் வாழ்வோருள் பலருக்குத் தாம் குடியிருக்கும் நிலத்துக்கு உறுதி இன்றும் இல்லை.

இவ்வளாகத்தில் பல இன மாணவரும் ஒரே விரிவுரை மண்டபத்தில் அமர்கின்றோம். ஒரே சிற்றுண்டிச்சாலையில் உண்கின்றோம். “சாப்பிட்டாயா?” என நண்பனைக் கேட்பது நமக்கு வழக்கமே. “உன் வீடு உனக்குச் சொந்தமா?” என்று கேட்டவர் மிகச் சிலர். படத்துச் சிறுவர் இரண்டையும் கேட்டனர்.