மஞ்சள் விளக்கும் நாலு பாட்டிகளும்



போன ரெண்டு வெள்ளிக்கிழமையும் பாட்டிகளை ஏத்த நான் ஏன் வரலைன்னு நிறைய பேர் கேட்டுட்டீங்க. உடம்புக்கு ஒண்ணும் இல்ல. காடிதான் காரணம். கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்குங்க.

மூணு வாரத்துக்கு முன்னாடி பூஜை முடிஞ்சு நாலு பாட்டிகளையும் வீட்டில் விடப் போனேன். வட்டச்சாலையில் பாதி திரும்பும்போது ஸ்டீரிங் திடீர்னு கல்லு மாதிரி ஆயிடுச்சு. ரெண்டு கையாலும் இழுத்துத் திருப்பியும் முன் டயர் ஓரக்கல்லில் ஏறித்தான் நின்னுச்சு. இன்னும் ரெண்டடி போயிருந்தா லொங்காங். பின்னால லொரிக்காரன் விடாம ஹாரன் அடிக்கிறான். மடியில் வெச்சிருந்த சுண்டல் எல்லாம் கீழே கொட்டிக் கிடக்கு. "முருகா"ன்னு ஒரே ஒரு குரல், அப்புறம் வீடு போய்ச் சேர்ற வரைக்கும் யாரும் பேசல.

இப்போ வர்ற காடிகளில் ஸ்டீரிங் திருப்ப ஒரு மின் மோட்டார் உதவி செய்யுது. அது நின்னுட்டா சக்கரம் திரும்பும், ஆனா முழு பாரமும் நம்ம கையில். மெதுவா போகும்போதுதான் ரொம்பக் கனக்கும். வட்டச்சாலை, சிம்பாங், கோயில் வாசல் எல்லாம் அப்படிப்பட்ட இடம்தானே.

ஒரு விஷயத்தை மறைக்க விரும்பல. அதுக்கு ஒரு மாசம் முன்னாடியே டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு ரெண்டு மூணு தடவை எரிஞ்சது. எஞ்சினை நிறுத்திப் போட்டா அணைஞ்சிடும். நானும் விட்டுட்டேன். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வெச்சு நம்ம சந்நிதியில் பூஜை போட்ட காடி, என்ன ஆகப் போகுதுன்னு ஒரு அசட்டு தைரியம். பாட்டிகளை வெச்சுக்கிட்டு நான் அப்படி ஓட்டியிருக்கக் கூடாது.

சர்வீஸ் சென்டரில், "அங்கள், வாரண்டி முடிஞ்சு நாலு மாசம் ஆச்சு. முழு செட்டா மாத்தணும், 3,800 வெள்ளி"ன்னார் அந்தத் தம்பி. இப்போதைக்கு ஓட்டலாமான்னு கேட்டேன். "விளக்கு அணைஞ்சிருக்கே, ஓட்டலாம்." அதையே ஒரு தாளில் எழுதிக் கொடுங்கன்னேன். மேனேஜரைக் கேக்கணும்னு உள்ளே போனவர் திரும்பி வரவே இல்ல.

எனக்கு அங்கதான் கோபம் வந்துச்சு. வாரண்டி என்பது கம்பெனி தானா கொடுக்கிற வாக்கு. நம்ம நாட்டில் 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம்னு தனியா ஒண்ணு இருக்கு. விற்கிற பொருள் பாதுகாப்பானதா, நியாயமான காலம் உழைக்கிறதா இருக்கணும்னு அது சொல்லுது. வாரண்டி தேதியோட அந்த உரிமை போயிடாது. அஞ்சு வருஷத்தில் ஸ்டீரிங் மோட்டார் போறது நியாயமான உழைப்பான்னு கேக்க நமக்கு இடம் இருக்கு. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரைக்கும் கோரலாம், வழக்கறிஞர் வேண்டாம், மனுக் கட்டணம் 5 வெள்ளி. மூணு வருஷத்துக்குள்ள போடணும்.

அதனால தள்ளுபடி கேட்டுக் கெஞ்சாம, பாதுகாப்புப் புகார்னு எழுதினேன். தேதி, ஓடின கிலோமீட்டர், எந்த இடத்தில் கனத்தது, காடியில் எத்தனை பேர், விளக்கு எரியும்போது எடுத்த படம், அவங்க கொடுத்த கொட்டேஷன், எல்லாம் சேர்த்து கம்பெனி தலைமையகத்துக்கும் சாலைப் போக்குவரத்து இலாகாவுக்கும் அனுப்பிட்டேன். ரெண்டு வாரம் ஆச்சு, கம்பெனியில் இருந்து "கிடைத்தது"ன்னு ஒரு வரி மட்டும்தான். இந்த மாசக் கடைசிக்குள்ள சரியான பதில் வரலைன்னா நடுவர் மன்றம்தான்.

மோட்டார் மாத்தும் வரைக்கும் அந்தக் காடியில் யாரையும் ஏத்த மாட்டேன். நான் மோட்டார்சைக்கிளில் வந்து மடப்பள்ளி வேலையைப் பார்த்துக்கிறேன். உங்க யாருக்காவது இதே மாதிரி ஸ்டீரிங் கனத்திருந்தா எனக்குத் தனியா எழுதுங்க, புகாரோட சேர்த்து அனுப்பலாம்.

அவசரமா ஒண்ணு: வர்ற வெள்ளிக்கிழமை சாயங்காலம் 6.30க்கு நாலு பாட்டிகளை ஏத்தி வரவும், பூஜை முடிஞ்சதும் திரும்ப விடவும் ஒரு காடி வேணும். முடிஞ்சவங்க கீழே சொல்லுங்க. ஒரு பாட்டிக்கு முட்டி வலி, முன் சீட்டு அவங்களுக்குத்தான்.