ஆறு பேருக்கு இரண்டு ஸ்டூல்

ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் 11 வருடம் நின்றேன். காலை 9.30க்கு நின்றால் இரவு 9 மணி வரை. சாப்பாட்டு அரை மணியில் முதலில் தேடுவது சோற்றை அல்ல, சாய்ந்துகொள்ள ஒரு சுவரை. கழிப்பறை மூன்றாவது மாடியில் என்பதால் தண்ணீரையும் குறைத்துக்கொள்வோம். கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்தது. “நின்னுக்கிட்டே பாக்கிற வேலையா?” என்றுதான் டாக்டர் முதலில் கேட்டார்.

கோழிக்கோட்டில் விஜியும் பெண்கூட்டு அமைப்பினரும் போராடியதில், கேரளம் 2018இல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடும் 2021இல் தன் 1947ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்தது. ஊழியர் எல்லோருக்கும் இருக்கை வேண்டும். வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைத்தால் உட்காரலாம்.

எங்களுக்கும் ஸ்டூல் வந்தது. ஆறு பேருக்கு இரண்டு. முதல் நாள் உட்கார்ந்த அக்காவிடம், “கஸ்டமர் வர்ற நேரத்துல என்னம்மா உக்காந்திருக்க?” என்றார் சூப்பர்வைசர். கடையில் ஈ, காக்காய் இல்லை. மறுநாள் ஸ்டூல்மேல் சேலைப் பெட்டிகள் ஏறிக்கொண்டன.

‘வாய்ப்பு’ எது என்று யார் முடிவுசெய்வது? சட்டத்தில் இருக்கும் அந்த ஒரு சொல், கடைக்குள் வந்ததும் சூப்பர்வைசரின் பாக்கெட்டுக்குள் போய்விட்டது. கல்லாவில் இருக்கும் முதலாளிக்கு மட்டும் எப்போதும் நாற்காலி, அதுவும் மெத்தை வைத்தது.

ஆடித் தள்ளுபடி முடிந்த ஒரு மத்தியானம். அக்கா பெட்டிகளை இறக்கிவிட்டு உட்கார்ந்தார்.

“அக்கா, கேமரா.”

“பாக்கட்டும். நீயும் உக்காரு.”

இன்னொரு ஸ்டூலைக் காலால் என் பக்கம் தள்ளினார். நான் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.