ஒத்த மாடும் ஜோடி மாடும்

போன வாரம் எங்கள் தெருவில் குடியிருக்கும் ஒரு தம்பி வீட்டுக்கு வந்தார். வாடிப்பட்டிப் பக்கம் ஒரு மில்லில் வேலை. ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்தால் பஸ்ஸுக்குக் காத்துக் கிடக்க வேண்டியிருக்கிறது.

"சார், ஒரு பழைய ஸ்கூட்டர் பார்த்து வச்சிருக்கேன். தெரிஞ்சவரு வண்டிதான், நல்லா வச்சிருந்தாரு. நெட்ல போட்டுப் பார்த்தா முப்பத்தெட்டாயிரம்னு காட்டுது. அவரு நாப்பத்திரண்டுக்குக் கீழே இறங்க மாட்டேங்கிறாரு. என்ன பண்றது சார்?" என்று கேட்டார்.

"அது கிடக்கட்டும் தம்பி. அந்த வண்டி உங்களுக்கு எவ்வளவு பெறும்?" என்றேன்.

அவர் விழித்தார். நானும் இந்தக் கேள்வியை ஒரு காலத்தில் தெரிந்து வைத்திருந்து, தேவைப்பட்ட சமயத்தில் மறந்தவன்தான். அதனால் அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதி வைக்கிறேன்.

மாட்டுத்தாவணி என்றால் இன்றைக்கு எல்லோருக்கும் பஸ் ஸ்டாண்டுதான் ஞாபகம் வரும். தாவணி என்பது சந்தை. மாடுகள் வந்து கூடிய சந்தை என்பதால் அந்தப் பெயர். எனக்குக் கல்யாணமான புதிதில், 1977 என்று நினைவு, சித்திரை மாதத்தில் என் மாமனார் அங்கே மாடு பிடிக்கப் போனபோது என்னையும் கூட்டிப் போனார். அவர் சோழவந்தான்காரர். வைகைத் தண்ணீரில் நெல்லும், கொஞ்சம் வெற்றிலைக் கொடிக்காலும் வைத்திருந்தார். அந்த வருஷம் ஜோடியில் ஒரு மாடு செத்துப் போயிருந்தது.

அங்கே வாயால் விலை பேசமாட்டார்கள். தரகர் தோளில் கிடக்கிற துண்டை எடுத்துக் கையின் மேல் போடுவார். துண்டுக்கு அடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடித்து விலை நடக்கும். எத்தனை விரல், எப்படிப் பிடித்தார்கள் என்பது அந்த இரண்டு பேருக்குத்தான் தெரியும். பக்கத்தில் நிற்கிறவனுக்கு முகபாவம் மட்டும்தான் தெரியும்.

மாமனார் பல்லைப் பார்த்தார், சுழி பார்த்தார், நடக்கவிட்டுப் பார்த்தார். கடைசியில் ஒரு மாட்டை முடித்தார். திரும்பி வரும்போது விலையைக் கேட்டேன். சொன்னார். அதே வயசு, அதே உடம்பு உள்ள இன்னொரு மாடு அதைவிட நூற்றைம்பது ரூபாய் குறைவாகப் போனதை நானே கேட்டிருந்தேன். ஏமாந்துவிட்டாரோ என்று எனக்குப் பட்டது. மாப்பிள்ளை முறுக்கில் அதைச் சொல்லியும் விட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "தாவணியில அது ஒத்த மாடுங்க மாப்பிள்ளை. நம்ம தொழுவுல அது ஜோடி" என்றார்.

வீட்டில் மிச்சமிருந்த மாட்டின் உயரமும் நடையும் அவருக்குத் தெரியும். அதோடு நுகத்தில் சமமாக நிற்கக்கூடிய மாடு அன்றைக்குத் தாவணியில் அது ஒன்றுதான். நூற்றைம்பது ரூபாயை மிச்சம் பிடித்திருந்தால் உழவு நாளில் ஏர் ஒரு பக்கமாக இழுக்கும். அவர் கொடுத்தது சந்தையின் விலை இல்லை, தன் தொழுவின் விலை.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழியில் இதற்கென்றே ஒரு சொல் உண்டு. சந்தையில் பொதுவாக எல்லோரும் கொடுக்கும் மதிப்பை 'வலேர் வெனால்' என்பார்கள். ஒருவர் தன் சொந்தத் தேவைக்குப் பொருந்துகிறது என்பதற்காக அதற்கு மேல் கொடுக்கும் விலை 'பிரி த கோன்வெனான்ஸ்'. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த அந்த வார்த்தைக்கு அர்த்தம் விளங்கியது சோழவந்தான் விவசாயி ஒருவரிடம்.

ஆறு வருஷம் கழித்து என் முறை வந்தது. 1983-இல் நான் மேலூரில் ஒரு அரசு அலுவலகத்தில் கிளார்க். வீடு மதுரையில். காலையில் பஸ்ஸுக்கு நிற்பது, சாயங்காலம் அங்கே நிற்பது, கூட்டத்தில் தொங்கிக்கொண்டு வருவது என்று தினமும் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் வீணாகும். எங்கள் மூத்த பெண்ணுக்கு அப்போது நான்கு வயசு. இளைப்பு உண்டு. ராத்திரியில் மூச்சு இழுத்தால் தூக்கிக்கொண்டு ரிக்ஷாவைத் தேடி ஓட வேண்டும்.

அந்தக் காலத்து ஸ்கூட்டர் கதை என் வயசுக்காரர்களுக்குத் தெரியும். பஜாஜ் சேத்தக் 1972-இல் வந்தது. ஒரு கம்பெனி எத்தனை வண்டி செய்யலாம் என்பதை அரசாங்க லைசென்ஸ்தான் தீர்மானித்தது. கேட்பவர்கள் லட்சக்கணக்கில், வண்டிகளோ கொஞ்சம். பணம் கட்டிப் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பதிவு செய்தவருக்குப் பெண் பிறந்து, அவள் பள்ளிக்கூடம் போகிற சமயத்தில் வண்டி வந்த கதையெல்லாம் உண்டு. அதனால் ஒரு விசித்திரம் நடந்தது. கையில் இருக்கிற பழைய சேத்தக், கம்பெனி போட்ட புது விலையைவிட அதிகமாக விற்றது. இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

வடக்கே மாற்றலாகிப் போன ஒருவர் தன் வண்டியை விற்றார். ஒன்றரை வருஷம் ஓடிய வண்டி. புது விலைக்கு மேல் 1,500 ரூபாய் கேட்டார். ஆபீசில் எல்லோரும் சிரித்தார்கள். "பழசுக்குப் புதுசைவிட அதிகமா? நல்ல கணக்குப்பிள்ளைய்யா நீ!" என்றார் என் பக்கத்து நாற்காலிக்காரர். எனக்கு மாமனாரின் ஜோடி மாடு ஞாபகம் வந்தது. சேமநல நிதியில் முன்பணம் போட்டேன். பற்றாக்குறைக்கு என் மனைவி இரண்டு வளையல்களைக் கழற்றிக் கொடுத்தாள். வாங்கிவிட்டேன்.

அந்த வண்டி என்னிடம் பத்தொன்பது வருஷம் இருந்தது. இடது கையில் கியரைத் திருகித் திருகி என் மணிக்கட்டே ஒரு பக்கமாகப் பழகிவிட்டது. ஸ்டார்ட் ஆகாவிட்டால் வண்டியைச் சாய்த்துவிட்டு உதைப்பதும் பழக்கமாகிவிட்டது. ராத்திரி இரண்டு மணிக்குப் பெண்ணை நடுவில் உட்கார வைத்துக் கோரிப்பாளையம் பெரியாஸ்பத்திரிக்கு எத்தனை தடவை போயிருப்போம்! அந்த 1,500 ரூபாயை நான் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

மலிவு என்பதற்காக வாங்கியதும் உண்டு. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஒருவர் பாதி விலைக்குக் கொடுக்கிறார் என்று ஒரு பழைய மொபெட்டை வாங்கினேன். சந்தை விலையில் பார்த்தால் லாபம். ஆனால் எனக்கு அது தேவையே இல்லை. மாடிப்படிக்குக் கீழே துரு ஏறி, கடைசியில் பழைய இரும்புக்காரர் எடைக்கு எடுத்துப் போனார்.

இப்படி இரண்டு பக்கமும் பாடம் படித்தவன் 2022-இல் சறுக்கினேன்.

என் மனைவிக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. பஸ் படி ஏற முடியாது, ரயில் படி ஏறவே முடியாது. ஆட்டோவில் குலுங்கினால் இரண்டு நாள் இடுப்பு வலி. தாழ்வான காரில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். வேகன் ஆர் மாதிரி உயரமான கார் என்றால் கஷ்டமில்லை. சீட் இடுப்பு உயரத்துக்கு இருப்பதால், குனிந்து இறங்காமல் நாற்காலியில் உட்காருவதுபோல உட்கார்ந்துவிடலாம். எனக்கு ஓட்டத் தெரியும்.

தெரிந்த ஒரு பெரியவர் அப்படி ஒரு காரை விற்பதாகச் சொன்னார். எட்டு வருஷ வண்டி. அவர் எப்படி ஓட்டுவார் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சர்வீஸ் ரசீது ஒவ்வொன்றையும் தேதிவாரியாகக் கோத்து வைத்திருந்தார். மெக்கானிக் பார்த்துவிட்டு, "கண்ணை மூடிக்கிட்டு எடுங்க சார்" என்றார். பெரியவர் 2,75,000 கேட்டார். கோயம்புத்தூரிலிருந்து என் மகன் இணையத்தில் பார்த்து 2,40,000-தான் பெறும் என்றான். அவன் மேல் தப்பில்லை, நான் கேட்டதைப் பார்த்துச் சொன்னான். நான் 2,45,000-க்கு வந்தேன். அவர் 2,60,000-க்கு இறங்கினார். அதற்கு மேல் இரண்டு பேரும் நகரவில்லை. 15,000 ரூபாய் வித்தியாசம். விட்டுக் கொடுக்காமல் எழுந்து வந்தது எனக்கு ஒரு பெருமையாகக்கூட இருந்தது. அன்றைய கணக்கு நோட்டில் 'கார் – விலை அதிகம், வாங்கவில்லை' என்று எழுதினேன். ஒரு வாரத்தில் வேறொருவர் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

சோழவந்தானில் என் மனைவியின் அக்கா படுத்த படுக்கையாக இருந்தார். மதுரையிலிருந்து என்ன தூரம், ஒரு மணி நேரப் பயணம். வாடகைக் கார் வைத்து இரண்டு தடவை போனோம். ஒவ்வொரு தடவையும் ட்ரைவர் காத்திருப்புக்குச் சேர்த்துக் கேட்பார். மூன்றாவது தடவை நான் கூப்பிட்டபோது, "ஒரு நாளைக்கு இவ்வளவு காசா? அடுத்த மாசம் போய்க்கலாங்க" என்றாள். அந்த அடுத்த மாசமும் தள்ளிப் போனது. நான் இன்னும் பழைய கார்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றில் இன்ஜின் சரியில்லை, ஒன்றில் தாள் சரியில்லை. ஐந்தாவது மாசம் போன் வந்தது. வாடகைக் காரில்தான் போனோம். அக்காவைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள்.

என் மனைவி அந்த 15,000 ரூபாயைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான்தான் பிறகு யோசித்தேன்.

இணையத்தில் காட்டுகிற விலை எப்படி வருகிறது? அது நல்ல வண்டி, கெட்ட வண்டி இரண்டும் கலந்த சராசரி. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் ஏகர்லாஃப் 1970-இல் பழைய கார் சந்தையை உதாரணமாக வைத்துத்தான் ஒரு கட்டுரை எழுதினார். வண்டியின் குறை விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. அந்தச் சந்தேகத்தால் நல்ல வண்டிக்கும் விலை கீழே இழுக்கப்படும் என்றார். 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் கணக்கை என் காருக்குப் போட்டுப் பார்த்தேன். வண்டியையும் சொந்தக்காரரையும் தெரிந்து வைத்திருந்த எனக்குச் சந்தேகமே இல்லை. சந்தேகமில்லாத வண்டிக்கு, சந்தேகத்துக்கான தள்ளுபடியைக் கேட்டுப் பிடிவாதம் பிடித்திருக்கிறேன்.

இன்ஷூரன்ஸ் அட்டவணையும் அதையேதான் சொல்கிறது. வண்டிக்கு ஒரு வருஷம் முடிந்தால் 20 சதவீதம் கழிவு, பிறகு 30, 40 என்று போய் ஐந்தாவது வருஷத்தில் 50. ஐந்து வருஷத்தைத் தாண்டிய வண்டிக்கு அட்டவணையே கிடையாது. கம்பெனியும் வண்டிக்காரரும் பேசி ஒத்துக்கொள்ளும் மதிப்புதான். துண்டுக்கு அடியில் விரல் பிடிப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

தம்பிக்கு நான் சொன்னது இதுதான். வண்டியைப் பேசப் போவதற்கு முன்னால் ஒரு தாளில் எழுதுங்கள். அது இருந்தால் உங்களுக்கு என்ன மிச்சம், இல்லாவிட்டால் என்ன போகும், ரிப்பேருக்கு எவ்வளவு ஆகும் என்று. அதில் வருகிறதுதான் உங்கள் விலை. அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், விற்பவரிடம் காட்டாதீர்கள். மாமனார் துண்டு போட்டுப் பேசியதும் அதற்காகத்தான். அதற்குக் கீழே எவ்வளவு குறைக்க முடியுமோ குறையுங்கள். அதற்கு மேல் போனால் எழுந்து வந்துவிடுங்கள். ஆனால் அதற்குள் இருக்கும்போது, ஊரில் என்ன விலை போகிறது என்று சொல்லி வண்டியை விட்டுவிடாதீர்கள்.

தாள்களில் மட்டும் தயவு தாட்சண்யம் கூடாது. படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி, ஆர்.சி. புத்தகத்தையும் இன்ஷூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். நம் மாநிலத்துக்குள் என்றால் விற்பவர் 14 நாளில் தெரிவிக்க வேண்டும், வாங்குபவர் 30 நாளில். மாற்றாமல் விட்டால் வண்டி எங்கே மோதினாலும் பழைய சொந்தக்காரர் வீட்டுக்கு நோட்டீஸ் போகும்.

அவர் அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டார். ராத்திரி ஷிப்டில் பஸ் கிடைக்காமல் மாசத்துக்கு நாலைந்து தடவை ஆட்டோவுக்குக் கொடுப்பதை மட்டும் எழுதினார். அவர் கேட்கும் அதிகப்படி நாலாயிரம், மூன்று மாசத்தில் சரியாகிவிடுகிறது. "சரி சார்" என்று எழுந்து போனார்.

நாங்களும் பிறகு ஒரு வேகன் ஆர் வாங்கினோம். பழையதைவிட ஒரு வருஷம் கூடுதலாக ஓடிய வண்டி, 2,80,000. இந்தத் தடவை நான் இணையத்தைப் பார்க்கவில்லை. அதில் முதலில் போனது சோழவந்தானுக்கு, அக்காவின் வருஷத் திதிக்கு. என் மனைவி கதவைத் திறந்து, என் கையைப் பிடிக்காமல் தானாகவே ஏறி உட்கார்ந்தாள்.

"ஏறுறதுக்குச் சுலபமாத்தான் இருக்குங்க" என்றாள். சமயநல்லூர் தாண்டும் வரை அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை.